ஒரு குழந்தைக்கு மூன்று பாட்டில்

என் வாய்க்குப் பயந்து ஒரு காலத்தில் மருந்து வரிசையே சத்தம் போடாமல் நிற்கும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஒரகடம் பக்கத்தில், ஊர்ப் பெயர் வேண்டாம், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்தாறு வருடம் மருந்தாளுநராக இருந்தேன். ஜனங்களுக்குக் கடைசிவரை கம்பவுண்டர்தான். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இப்போது குன்றத்தூரில் மகன் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டும், பிரஷர் மாத்திரையை மறந்ததற்கு மருமகளிடம் திட்டு வாங்கிக்கொண்டும் இருக்கிறேன்.

போன மாதம் என் பழைய இடத்தில் இப்போது வேலை பார்க்கும் அனிதா போன் செய்தாள். சின்னப் பெண், வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"சார், கூட்டம் தாங்க முடியல சார். ஒருத்தர் மேல ஒருத்தர் வுழுறாங்க. நீங்க இருந்தப்ப பன்னெண்டு மணிக்கெல்லாம் கவுண்டர் காலியாயிடுமாமே? எப்டி சார் சமாளிச்சீங்க?"

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கூட்டத்தைச் சமாளித்த கதை வரவில்லை. ஒரு குழந்தைதான் வந்து நிற்கிறது. அதையே எழுதுகிறேன். அந்தக் குடும்பத்தைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

டிப்ளமோ படித்தது, பல்லாவரத்தில் ஒரு மருந்துக்கடையில் நான்கு வருடம் நின்றது, பரீட்சை எழுதி அரசு வேலைக்கு வந்தது, இதிலெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருக்கும் நடப்பதுதான். நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே மூத்த மருந்தாளுநராக இருந்தவர் புஷ்பம் மேடம். பருத்த உடம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவர் வேலை செய்கிற நிதானத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாத்திரை, களிம்பு எல்லாம் ஜன்னல் வழியாகவே கொடுத்துவிடுவார். குழந்தைகளுக்கான சொட்டு மருந்து மட்டும் ஜன்னல் வழியாகப் போகாது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து தாயை உள்ளே கூப்பிடுவார். இரும்பு ஸ்டூலில் உட்காரச் சொல்வார். பாட்டிலை மேஜைமேல் வைப்பார், ஆனால் அதன்மேல் வைத்த கையை எடுக்க மாட்டார்.

"யாரு குடுப்பீங்க?" இதுதான் முதல் கேள்வி.

"நான்தான்மா."

"நீ வயலுக்குப் போயிட்டா?"

"வூட்டுக்காரரு குடுப்பாரு."

"அதெல்லாம் கிடையாது. ஒரு ஆளு சொல்லு."

அந்த ஒரு ஆளின் பெயரை வெள்ளை பிளாஸ்திரியில் எழுதிப் பாட்டிலில் ஒட்டுவார். குழந்தையின் பெயர் மேலே, கொடுப்பவர் பெயர் கீழே. அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைப்பார். அந்தத் தாய் சொட்டுக் குழாயால் தண்ணீரை ஒரு மில்லிக் கோடு வரைக்கும் உறிஞ்சிக் காட்ட வேண்டும். காற்றுக் குமிழி இருந்தால் மறுபடியும் உறிஞ்சச் சொல்வார். காய்ச்சல் மருந்தின் குழாயை இதற்குப் போடுகிறவர்கள் உண்டு, அதனால் இந்தக் குழாய் இந்தப் பாட்டிலுக்குத்தான் என்று சொல்லிவிடுவார். கடையில் வாங்கிய டானிக், பவுடர் ஏதாவது கூடவே கொடுக்கிறார்களா என்று கேட்பார். பாட்டிலை எங்கே வைப்பாய், பெரிய பிள்ளைக்கு எட்டுமா என்று கேட்பார். புரிந்ததா என்று மட்டும் கேட்க மாட்டார். கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள் என்பார். "இப்ப நீ எனக்குச் சொல்லு," என்று சொல்லிவிட்டுக் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு கேட்பார்.

அனுப்பும்போது ஒரு வார்த்தை சொல்வார். "ஒரு நாள் உட்டுப்போச்சுன்னா உட்டுப்போவட்டும். மறுநாள் சேத்துக் குடுக்காத. குடுத்தோமா இல்லியான்னு சந்தேகம் வந்தா அன்னிக்குக் குடுக்காத."

ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "மேடம், வெறும் சத்து மருந்து. இதுக்குப் போய் இவ்ளோ ஆர்ப்பாட்டமா?"

"சத்து மருந்துன்னு பேரு வெச்சிட்டாங்களே தம்பி, அதனாலதான். வெறும் மருந்துன்னு இருந்தா அவங்களே பயந்து பயந்து குடுப்பாங்க."

நான் சிரித்துக்கொண்டேன். கதவுக்கு வெளியே வரிசை வாசல் வரை நின்றுகொண்டிருந்தது.

அவர் ஓய்வு பெற்றபோது எங்கள் பகுதியே வேறாகிவிட்டது. வடக்குப்பட்டு, வல்லக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் கம்பெனி மதில். ஏரோட்டிய வீட்டுப் பிள்ளைகள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். மாவட்டம் மாவட்டமாக ஜனம் வந்து வாடகைக்குக் குடியேறியது. எங்கள் வரிசை சாலை வரை நீண்டது, ஆனால் மருந்து கொடுக்க இருந்தவன் நான் ஒருவன்தான்.

நான் முதலில் செய்த காரியம் பக்கவாட்டுக் கதவைச் சாத்தியது. ஸ்டூலை ஸ்டோர் ரூமில் போட்டேன். சொட்டு மருந்தும் ஜன்னல் வழியாகவே போனது. "தினம் ஒரு மில்லி, கோடு வரைக்கும், மறக்காம குடு, கண்ணுக்கு நல்லது, அடுத்த ஆளு." ஒரே மூச்சில் சொல்லி முடிப்பேன். பன்னிரண்டு மணிக்குக் கவுண்டர் காலி. டாக்டர்கள் பாராட்டினார்கள். மற்ற ஊர்க் கம்பவுண்டர்களுக்கு என்னை உதாரணம் காட்டினார்கள்.

கூடவே என் வாய். திட்டினால்தான் கேட்பார்கள் என்பது என் கட்சி. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர், தடுப்பூசிக்கு வராதவர், பாட்டிலைத் தீர்க்காமல் கொண்டு வந்தவர், யாரையும் விட்டதில்லை. ஒருத்தர் குழந்தையின் சொட்டு மருந்தில் மிச்சம் இருந்ததைப் பாழாக்கக் கூடாது என்று தானே குடித்துவிட்டு வந்து நின்றார். "அடுத்த வாரம் உனக்குத் தொட்டில் கட்டித் தரச் சொல்றேன்," என்றேன். வரிசையே சிரித்தது, அவரும் சிரித்தார். திட்டுவதும் ஒரு சேவைதான் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

கலைவாணியும் சரவணனும் அந்தக் காலத்தில்தான் வந்தார்கள். அவள் போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில், அவன் கார் சீட் தைக்கும் கம்பெனியில். லைன் வீட்டில் ஒரு போர்ஷன் வாடகை. ஒரே பெண் குழந்தை மித்ரா. எட்டு மாதத்தில் எடை குறைவாக இருக்கிறது என்று டாக்டர் மல்டிவிட்டமின் சொட்டு எழுதிக்கொடுத்தார். தினம் ஒரு மில்லி. ஒரு பாட்டில் பதினைந்து நாளுக்கு வரும்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் இருவரும் மாற்றி மாற்றி ஷிப்டு வாங்கியிருந்தார்கள். ஒருத்தர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்க, இன்னொருத்தர் ஏற, பஸ் ஸ்டாப்பிலேயே குழந்தை கை மாறும். இந்தப் பக்கத்தில் தினமும் காணக்கூடிய காட்சி இது. நடுவில் பேச இரண்டு வார்த்தைக்குத்தான் நேரம் இருக்கும். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருவருக்கு ஓவர்டைம் இருக்கும். இரண்டு பஸ்ஸுக்கும் நேரம் பொருந்தாத வாரங்களில் நடுவில் இரண்டு மணி நேரம் பக்கத்து போர்ஷன் அம்சா பார்த்துக்கொள்வாள். அவளுக்கும் சின்ன வயதுதான், தையல் மெஷின் வைத்திருந்தாள்.

முதல் மாத முடிவில் சரவணன் பாட்டிலோடு வந்தான். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"இது பதினஞ்சு நாள் மருந்து. ஒரு மாசமாச்சு. கொழந்தைக்குக் குடுத்தியா, சாமிக்குப் படைச்சியா?"

வரிசையில் சிரிப்பு. அவன் காது சிவந்தது. "ஷிப்டு சார். அவ குடுத்திருப்பான்னு நானு, நான் குடுத்திருப்பேன்னு அவ..."

"அந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம். பெத்தவன் யாரு? நீதான? இனிமே நீ குடு. ஒரு நாள் தவறக்கூடாது."

புதுப் பாட்டில் ஒன்று கொடுத்தேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

பத்து நாள் கழித்து எடை போடுவதற்குக் கலைவாணி வந்தாள். எடை ஏறவில்லை. மருந்து கொடுக்கிறாயா என்று கேட்டேன். "அவரு குடுக்கிறாருன்னு நெனைக்கிறேன் சார்," என்றாள்.

"அவரு, இவரு! தாய் நீயா அவரா? இனிமே நீ குடு."

அவளுக்கும் ஒரு பாட்டில் கொடுத்தேன். இருவருக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. அவன் வாயாலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தான். யார் கொடுத்தார்கள் என்று தெரியாத வீடு அது என்று. புஷ்பம் மேடமாக இருந்தால் அந்த இடத்திலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டிருப்பார்.

மூன்றாவது பாட்டிலும் என் கையால்தான் போனது. "நாங்க ரெண்டு பேரும் இல்லாத நேரத்துக்குப் பக்கத்து வூட்டு அக்காகிட்ட ஒண்ணு குடுத்து வெக்கிறேன் சார்," என்று கலைவாணி கேட்டாள். "பரவால்லியே, இப்பதான் புத்தி வந்திருக்கு," என்று எடுத்துக் கொடுத்தேன். மருந்து கொடுத்த நோட்டில் குழந்தையின் பெயரைக்கூடப் பார்க்கவில்லை.

அதன்பிறகு மூன்று பாட்டிலும் சரியாகப் பதினைந்து நாளில் காலியாகி வந்தன. சரவணன் ஒரு நாள் வருவான், கலைவாணி இன்னொரு நாள் வந்து இரண்டு வாங்கிப் போவாள். காலி பாட்டிலைத் தேதியோடு வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் துல்லியம். அவனை வரிசைக்குக் காட்டி, "பாத்துக்கங்க, அப்பன்னா இப்டி இருக்கணும்," என்று சொல்லியிருக்கிறேன். அவன் வெட்கத்தோடு சிரித்தான். என் திட்டு வேலை செய்கிறது என்று எனக்கு மகா சந்தோஷம்.

மாதங்கள் போயின. குழந்தைக்கு ஒன்றே கால் வயது இருக்கும்போது கலைவாணி கவலையோடு வந்தாள். அன்று டாக்டர் இல்லை, வேறு ஊரில் முகாம்.

"வாயோரம் வெடிச்சிகினு கீது சார். தோலு உரியுது. முடி கொட்டுது. சாப்புடவே மாட்றா. தூக்கினா வலிக்கிற மாதிரி அழுவுறா."

நாளைக்கு டாக்டரிடம் வா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மருந்து கொடுப்பவன் நோய் சொல்லக் கூடாது, இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்தபடியே குழந்தையைப் பார்த்துவிட்டு, "சத்துக் குறைச்சல். மருந்த மட்டும் உட்டுடாத," என்றேன். இரண்டு பாட்டிலை நீட்டினேன். அந்த மாதம்தான் குழந்தைகளுக்கு அரசு கொடுக்கும் வைட்டமின் ஏ கரைசலும் மித்ராவுக்குக் கொடுக்கப்பட்டது. வேறு ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா என்று கிராம நர்ஸ் கேட்டிருக்கிறார். சத்து மருந்தை யார் மருந்தென்று சொல்வார்கள்? இல்லை என்றுதான் கலைவாணி சொல்லியிருக்கிறாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்சாவோடு சேர்ந்து மூன்று பேரும் ஓடி வந்தார்கள். அன்று சரவணன் வேலைக்குப் போகவில்லை. குழந்தை விடாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. அப்போது இருந்த டாக்டர் ஓர் இளம் பெண், வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. குழந்தையின் உச்சந்தலையில் விரலை வைத்தார், எடுக்கவில்லை. மூடத் தொடங்கியிருக்க வேண்டிய உச்சிக்குழி புடைத்து நின்றது.

"என்னென்ன மருந்து குடுக்குறீங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். சத்து மருந்து மட்டும்தான்."

"அத எடுத்துட்டு வாங்க."

அம்சா ஓடிப் போய் ஒரு துணிப்பையில் எடுத்து வந்தாள். டாக்டர் மேஜைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மூன்று பாட்டில், மூன்றிலும் சொட்டுக் குழாய். என்னையும் கூப்பிட்டார்கள், நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"இது யாரு குடுக்குறது?"

"நான் மேடம்," என்றான் சரவணன். "ஷிப்டு முடிஞ்சு வந்ததும் மொத வேலையா குடுத்துடுவேன். ஒரு நாள்கூட தவறல."

"இது?"

"நான்தான் மேடம்," என்றாள் கலைவாணி. "குளிப்பாட்டிட்டு."

"அப்ப இது?"

"எங்கிட்ட இருக்கிற நேரத்துல நான் ஒருவாட்டி குடுப்பேன்மா," என்றாள் அம்சா. "மறந்துட்டா அந்த சாரு ஊரு பூரா கேக்குற மாதிரி கத்துவாருன்னு கலை சொல்லிச்சு."

அந்தச் சாரு அங்கேதான் நிற்கிறார் என்பதை அவள் கவனிக்கவில்லை. சரவணன் அம்சாவைப் பார்த்தான், அம்சா சரவணனைப் பார்த்தாள். கலைவாணி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் லேபிளில் வைட்டமின் ஏ எவ்வளவு என்று படித்துவிட்டு ஒரு தாளில் மூன்றால் பெருக்கினார், அதை மாதக் கணக்கில் பெருக்கினார். பிறகு அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

எனக்குத் தெரியாத பாடம் இல்லை இது. பி, சி போன்ற சத்துகள் மிஞ்சினால் சிறுநீரோடு போய்விடும். ஏ-யும் டி-யும் போகாது, உடம்பிலேயே சேரும். சேர்ந்துகொண்டே போனால் தோல் உரியும், முடி கொட்டும், பசி போகும், எலும்பு வலிக்கும், தலைக்குள் அழுத்தம் ஏறும். பார்க்கிறவனுக்குச் சத்துக் குறைச்சல் மாதிரியே இருக்கும். டிப்ளமோவில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். நல்ல மார்க் வேறு வாங்கினேன்.

நான்தான் ஓடிப் போய் 108-க்கு போன் செய்தேன். சென்னையில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் இருந்தார்கள். மருந்தை நிறுத்தியதும் தோல் ஆறியது, முடி வளர்ந்தது, குழந்தை சாப்பிடத் தொடங்கியது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் தலைக்குள் ஏறிய அழுத்தம் பார்வை நரம்பை நசுக்கியிருந்தது. அது திரும்பவில்லை. வெளிச்சம் தெரியும், நிழல் ஆடினால் தெரியும், அவ்வளவுதான். பாட்டிலை நீட்டும்போதெல்லாம் கண்ணுக்கு நல்லது என்று நான் சொல்லியிருந்தேன். எத்தனை தடவை என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். ‘மருந்தின் அளவும் வேளையும் நோயாளியின் பெற்றோருக்கு ஒவ்வொரு முறையும் வாய்மொழியாக எடுத்துரைக்கப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கோப்பை மூடிவிட்டார்கள்.

ஊர் மூடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் பழி எல்லாம் கலைவாணி தலையில் விழுந்தது. சரவணனின் அக்கா வந்து, "வேலைக்குப் போற திமிர்ல புள்ளையோட கண்ண அவிச்சிட்டியே," என்று லைன் வீட்டு வாசலில் நின்று கத்தினாளாம். அம்சா கை பட்டதால்தான் என்று வேறு சிலர் பேச, அவள் தையல் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். இதெல்லாம் என் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றுகொண்டுதான் பேசினார்கள். நான் மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டுக்கொண்டே கேட்டேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். சொல்லவில்லை. என் பென்ஷன், என் பெயர், என் மகனுக்குப் பெண் பார்க்கிற சமயம், ஆயிரம் காரணம் இருந்தது. பயந்தாங்கொள்ளி என்பதைத் தவிர வேறு பெயர் அதற்குக் கிடையாது.

அதைவிடக் கொடுமை, ஒரு நாள் கலைவாணி வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க மட்டும் அன்னிக்கு ஓடிப்போயி ஆம்புலன்ஸுக்கு சொல்லலன்னா புள்ள போயிருப்பா சார்," என்றாள். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

ஸ்டோர் ரூமிலிருந்து ஸ்டூலை எடுத்துத் துடைத்துப் போட்டேன். பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன். பிளாஸ்திரியில் பெயர் எழுதி ஒட்டினேன். மதியம் இரண்டு மணி வரை வரிசை நின்றது, கிழவனுக்குக் கை ஓடவில்லை என்று என் காதுபடவே பேசினார்கள். என் வாயும் அடங்கிவிட்டது. ஓய்வு பெறும் வரை அப்படித்தான் செய்தேன். ஆனால் அது மித்ராவுக்குச் செய்தது ஆகாது, அவள் அம்மாவுக்குச் செய்ததும் ஆகாது.

அனிதாவுக்கு எழுத உட்கார்ந்த பிறகுதான், எழுதுவதற்கு முன் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. விசாரித்ததில் அவர்கள் வல்லக்கோட்டைப் பக்கம் வீடு மாறியிருந்தார்கள். ஒரு மதியம் போனேன். பள்ளிக்கூடம் விடுமுறை. மித்ராவுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு டப்பாவில் இருந்த பொத்தான்களை விரலால் தடவித் தடவிப் பெரிதும் சிறிதுமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் தலையை என் பக்கம் திருப்பினாள், முகம் மட்டும் கொஞ்சம் தள்ளி எங்கேயோ பார்த்தது.

கலைவாணி யூனிபார்மில் இருந்தாள். மூன்று மணிக்கு அவளுக்குப் பஸ். தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். உன் புருஷனிடமும் நீ குடு என்றேன், உன்னிடமும் நீ குடு என்றேன், மூன்றாவது பாட்டிலையும் நானே கொடுத்தேன், குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் வந்தபோது டாக்டரைப் பார்க்கச் சொல்லாமல் அனுப்பினேன், விசாரணையில் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன், தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை. எழுதலாமா என்றும் கேட்டேன்.

அவள் அழவில்லை, கோபப்படவுமில்லை.

"எழுதுங்க சார். பேரு மட்டும் மாத்திடுங்க," என்றாள். பிறகு, "எனக்குத் தெரியும் சார்," என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"மூணு பேரும் குடுக்கிறோம்னு எனக்கு அப்பவே தெரியும். அவரு பையில பாட்டில பாத்தேன். அம்சாக்காகிட்ட நான்தான குடுத்து வெச்சேன். சத்துதான, நல்லதுதானன்னு இருந்துட்டேன். அப்புறம் மனசு கேக்கல. மூணு பேரும் குடுக்கலாமான்னு உங்கள ஒரு வார்த்த கேட்டுடலாம்னு லீவு போட்டுட்டு வந்தேன் சார்."

"எங்கிட்ட கேக்கலியேம்மா."

"வரிசையில எனக்கு முன்னாடி ஒரு பொம்பள எதையோ ரெண்டாந்தரம் கேட்டாங்க. காதுல இன்னா வெச்சிகினு கீறன்னு அவங்களத் திட்டினீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. என் முற வந்துது. பாட்டில நீட்டினீங்க. வாங்கிகினு வந்துட்டேன்."

அந்தப் பெண் யார், என்ன கேட்டாள் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அது மாதிரி எத்தனையோ பேர்.

"இப்பக் கேளும்மா," என்றேன். பைத்தியக்காரத்தனம்தான், வாயில் வந்துவிட்டது.

"இப்பக் கேட்டு இன்னா சார் ஆவப்போவுது," என்றாள். பக்கத்தில் கிடந்த இரண்டு பொத்தான்களை எடுத்துக் குழந்தையின் டப்பாவில் போட்டாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. சரவணன் ஷிப்டு முடிந்து வந்திருந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க சார், நல்லா கீறீங்களா?" என்றான். சாலையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கலைவாணி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். குழந்தையின் கையைப் பிடித்து எழுப்பி அவன் கையில் கொடுத்தாள்.

"சாப்டுட்டா. தூங்கல. மருந்து எதுவும் இல்ல," என்றாள்.

"சரி. மருந்து எதுவும் இல்ல," என்று அவனும் திருப்பிச் சொன்னான்.

அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். வீட்டில் ஏதாவது மருந்து இருக்கிறதா என்று சரவணனிடம் கேட்டேன்.

"இல்ல சார். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் எங்க வூட்டுல மருந்தே வெச்சிக்கிறதில்ல," என்றான். "ஆனா தெனமும் கை மாத்தும்போது சொல்லிக்குவோம்."